இரண்டு கஞ்சிகள்: முள்ளிவாய்க்கால் நினைவும் வடபுல முஸ்லிம்களின் அக்டோபரும்



கஞ்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் வீட்டுப் பிள்ளைகளின் மனத்தில் எழுவது ரமலான் மாதம்தான். அஸர் தொழுகைக்குப் பின் தூக்குப்போசியுடன் பள்ளிவாசல் வாயிலில் நிற்கும் வரிசை, பெரிய தேக்சாவிலிருந்து எழும் ஆவி, வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் கலந்த மணம், வாங்கி வந்த கஞ்சியில் பாதியை அண்டை வீட்டாருக்கு ஊற்றிக் கொடுக்கும் தாய்மார்களின் கை. தமிழ் முஸ்லிம்களின் வாழ்வில் நோன்புக் கஞ்சி பசியை அறிந்தவர்களின் உணவு. பகிர்வதற்கென்றே காய்ச்சப்படும் உணவு.

சென்ற மே மாதத்தில் ஒரு நாள் கருமத்தம்பட்டியில் நமக்குப் பழக்கமான இளைஞர் ஒருவர், இதே போன்றதொரு போசியில் வேறொரு கஞ்சியைக் கொண்டு வந்து கொடுத்தார். விசைத்தறிக் கூடங்களுக்கும் வீடுகளுக்கும் வண்ணம் பூசும் தொழிலாளி அவர். ஈழத்திலிருந்து வந்த குடும்பத்தில், தமிழ்நாட்டு முகாம் ஒன்றில் பிறந்தவர். அந்தக் கஞ்சியில் மணம் இல்லை. அரிசி, நீர், உப்பு ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் இல்லை. ருசிக்காகக் காய்ச்சப்படுவது அன்று அது, நினைவுக்காகக் காய்ச்சப்படுவது என்று அவர் சொன்னார். அதன் பெயர் முள்ளிவாய்க்கால் கஞ்சி.

அந்தப் போசியைக் கையில் வாங்கியபோது நமக்குள் எழுந்த கேள்விகளும், பின்னர் பள்ளிவாசல் முற்றத்தில் பெரியவர்களோடு நிகழ்ந்த உரையாடலுமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கடல் கடந்தவர்கள்

கொங்கு நாட்டுக்கு ஈழத்தின் துயரம் புதிதன்று. 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழர்களில் பெருந்தொகையினர், 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்பது அவ்வொப்பந்தத்தின் கணக்கு. அவர்களுள் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தனர். தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாகிய டான்டீ அவர்களுக்கு வேலை அளிக்கும் நோக்கிலேயே தொடங்கப்பட்டது.

1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவ வீரர்கள் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து கொழும்பு உட்படப் பல நகரங்களில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. வெலிக்கடைச் சிறையில் மட்டும் ஜூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் இராமேசுவரத்தில் படகுகள் வந்து கொண்டேயிருந்தன. மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் அம்மக்கள் பிரித்து அமர்த்தப்பட்டனர். சிறுவாணிச் சாலையிலுள்ள பூலுவப்பட்டி, ஈரோடு மாவட்டத்து பவானிசாகர், அறச்சலூர் என நம் பகுதியிலும் முகாம்கள் அமைந்தன. 2021-இல் தமிழ்நாடு அரசு இவற்றை ‘மறுவாழ்வு முகாம்கள்’ என்று பெயர் மாற்றியது. பெயர் மாறிய அவ்வீடுகளில் இன்று இரண்டாம், மூன்றாம் தலைமுறை வளர்கிறது.

வசதியும் வாய்ப்பும் கிடைத்தவர்கள் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றனர். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில், உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்களை மீனவர்கள் மீட்டனர். இன்று கனடாவின் டொராண்டோ வட்டாரம் உலகின் மிகப்பெரிய புலம்பெயர் ஈழத்தமிழர் வாழிடங்களுள் ஒன்று.

போரின் இறுதி மாதங்களில், 2009-இன் தொடக்கத்தில், முல்லைத்தீவின் ஒரு குறுகிய கடற்கரை நிலத்துக்குள் இலட்சக்கணக்கான மக்கள் அடைபட்டிருந்தனர். அரசே ‘பாதுகாப்பு வலயம்’ என்று அறிவித்த பகுதிகளில் எறிகணைகள் விழுந்தன. மருத்துவமனைகளும் தப்பவில்லை. அதே நேரத்தில், மக்கள் அங்கிருந்து வெளியேறுவதை விடுதலைப் புலிகள் தடுத்தனர். தப்பியோட முயன்றோரைச் சுட்டனர். இவ்விரண்டையுமே ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் பதிவு செய்தது. 40,000 வரையிலான குடிமக்கள் இறந்திருக்கலாம் என்பது அக்குழுவின் மதிப்பீடு. 2012-இல் வெளியான ஐ.நா.வின் உள்ளக ஆய்வு, 70,000-க்கும் மேற்பட்டோரின் கதி தெரியவில்லை என்பதைச் சுட்டியது. அந்த நாட்களில் மக்களை உயிரோடு வைத்திருந்தது வரிசையில் நின்று வாங்கிய அரிசிக் கஞ்சி. அவ்வரிசையின் மீதும் எறிகணை விழுந்ததுண்டு. 2009 மே 18-இல் போர் முடிந்தது.

ஆண்டுதோறும் மே மாதத்தில் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் அந்தக் கஞ்சி காய்ச்சி வழங்கப்படுகிறது. இதுவும் எளிதாக நடந்துவிடுவதில்லை. 2021 ஜனவரி 8 அன்று இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் இடித்துத் தள்ளப்பட்டது. மாணவர்களின் போராட்டத்துக்குப் பின் அதே ஆண்டு ஏப்ரலில் அது மீண்டும் எழுந்தது. 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் கஞ்சி வழங்கியதற்காக நால்வர் கைது செய்யப்பட்டனர். நீரும் அரிசியும் கலந்த ஓர் உணவைக் கண்டு ஓர் அரசு அஞ்சுகிறது என்றால், அவ்வுணவு தாங்கி நிற்பது வெறும் உணவன்று.

தாயகத்தில் பேச முடியாததைப் புலம்பெயர்ந்தோர் பேசினர். 2009-இன் அந்த வாரங்களில் இலண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்திலும் டொராண்டோவின் நெடுஞ்சாலையிலும் குடும்பம் குடும்பமாக அமர்ந்தனர். போரை அவர்களால் நிறுத்த முடியவில்லை. ஆயினும் மறதியை எதிர்த்து நின்றனர். ஒண்டாரியோ மாகாணச் சட்டமன்றம் 2021 மே மாதத்தில் ‘தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரச் சட்டத்தை’ நிறைவேற்றியது. மே 18-இல் முடியும் ஏழு நாட்கள் அக்கல்விக்கெனக் குறிக்கப்பட்டன. அச்சட்டத்தை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்குகள் நிலைக்கவில்லை. 2022 மே 18 அன்று கனடாவின் மக்களவை, அந்நாளைத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றுத் தீர்மானம் இயற்றியது. 2025 மே 10 அன்று பிராம்டன் நகரின் சிங்குவாகூசிப் பூங்காவில் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. இலங்கை அரசு இவை அனைத்தையும் கண்டித்தது. இனப்படுகொலை நடக்கவில்லை என்பதே அதன் நிலைப்பாடு.

பள்ளிவாசல் முற்றத்தில் எழுந்த கேள்வி

மே 18 மாலையில் மெழுகுவத்தி ஏற்றி நினைவுகூரும் ஒரு கூட்டத்துக்கு அந்த இளைஞர் நம்மையும் அழைத்திருந்தார். செல்வதா என்று நாம் பேசிக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “காத்தான்குடியை மறந்துவிட்டீர்களா, அத்தா?”

அக்கேள்வி நியாயமானது. தமிழ் முஸ்லிம் எவருக்கும் அதைத் தட்டிக்கழிக்கும் உரிமை இல்லை.

1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. மட்டக்களப்பு மாவட்டம் காத்தான்குடியின் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்களின் முதுகில் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாயினர். அவர்களில் சிறுவர்களும் இருந்தனர். அடுத்த வாரமே ஏறாவூரில் நள்ளிரவில் வீடு புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இவற்றைச் செய்தவர்கள் விடுதலைப் புலிகள். அவ்வியக்கம் மறுத்தபோதும், உயிர் தப்பியோரின் சாட்சியம் அதையே கூறுகிறது.

அவ்வாண்டு அக்டோபரில் வடக்கின் முறை வந்தது. சாவகச்சேரி, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவின் பகுதிகள் என ஒவ்வோர் ஊராக முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் ஒலிபெருக்கி முழங்கியது. மக்கள் ஒஸ்மானியாக் கல்லூரியை அடுத்த ஜின்னா மைதானத்தில் கூட்டப்பட்டனர். இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று ஆயுதம் தாங்கியோர் அறிவித்தனர். நகைகளும் பணமும் பறிக்கப்பட்டன; கையில் சில நூறு ரூபாய் மட்டுமே விடப்பட்டது. அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் பிறந்த மண், தலைமுறை தலைமுறையாகத் தமிழையே பேசி, தமிழிலேயே குத்பா கேட்டு வாழ்ந்த மக்களின் மண், ஒரே பகலில் முஸ்லிம்கள் அற்றதாயிற்று. வடக்கு முழுவதிலுமிருந்து துரத்தப்பட்டோர் 70,000-க்கும் மேற்பட்டோர். அவர்களில் மிகப் பலர் புத்தளத்தின் ஓலைக் கொட்டகைகளில் அடைக்கலம் புகுந்தனர். அங்கேயே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது.

அவர்களும் ஒரு புலம்பெயர் சமூகம்தான். ஒவ்வோர் அக்டோபரிலும் அவர்களும் நினைவுகூர்கின்றனர். ஆனால் அவர்களுக்கெனச் சட்டம் இயற்றிய நாடாளுமன்றம் இல்லை. 2011-இல் குடிமக்கள் ஆணையம் ஒன்று அவர்களின் வாக்குமூலங்களைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டது. தமிழர்களிடையேயும் நேர்மையான குரல்கள் எழுந்தன. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) அமைப்பு இவ்வெளியேற்றத்தைத் துணிவுடன் பதிவு செய்தது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில், புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து, முஸ்லிம்கள் திரும்பி வரலாம் என்றார். தமிழ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எம்.ஏ. சுமந்திரன் அதை இனச்சுத்திகரிப்பு என்றே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

ஆகவே பெரியவரின் கேள்வியில் வரலாறு இருந்தது. ஆனால் அவ்வரலாற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவு சரியானதா என்பதே நம்முன் உள்ள வினா.

யாருக்கு எதிராகச் சாட்சி சொல்வது?

நமக்கோ, நம் பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனம் நமக்கு இடும் கட்டளை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8-ஆம் வசனம் எச்சரிக்கிறது. இவ்விரண்டும் ஒருசேரப் பொருந்தும் இடம் இதுவே.

முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற குழந்தை காத்தான்குடிப் பள்ளிவாசலில் சுடவில்லை. பதுங்குகுழியில் மாண்ட மூதாட்டி சோனகத் தெருவில் ஒலிபெருக்கி பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட நாளில், அண்டை வீட்டுத் தமிழர்கள் பலர் கண்ணீருடன் நின்றதை வெளியேறியவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஓர் இயக்கம் செய்த குற்றத்தை ஒரு மக்கள் கூட்டத்தின் தலையில் சுமத்துவது அநீதி.

அந்த அநீதியின் சுவையை கோவை முஸ்லிம்களாகிய நம்மைவிட அறிந்தவர் யார்? 1997 நவம்பர் இறுதியில் நகரில் ஒரு காவலர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த வன்முறையிலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். கடைவீதிகள் எரிந்தன. 1998 பிப்ரவரி 14 அன்று நடந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டனர். அந்த இரண்டு நிகழ்வுகளிலும் கொல்லப்பட்ட அத்தனை பேரும் யாரோ ஒருவர் செய்ததற்கு விலை கொடுத்தவர்களே. அதன் பின் பல ஆண்டுகள், பெயரைச் சொன்னவுடன் வாடகை வீடு மறுக்கப்பட்டதையும், தறிக்கூடத்தில் கேட்கப்பட்ட கேள்விகளையும் நம் வீடுகள் மறக்கவில்லை. சிலரது செயலுக்கு எல்லாரும் பொறுப்பல்ல என்று நாம் அன்று மன்றாடினோம். இன்று ஈழத்துத் தாய் ஒருத்தி அதே சொற்களை நம்மிடம் கூறும்போது செவிமடுக்க மறுப்போமானால், நம் பழைய மன்றாட்டுக்கு என்ன பொருள்?

சாட்சியம் நமக்கு எதிராகவும் அமைய வேண்டும் என்றோம். அதையும் சொல்லியாக வேண்டும். காத்தான்குடியில் நம் சகோதரர்கள் கொல்லப்பட்ட அதே 1990 ஆகஸ்டில், 12-ஆம் நாள், அம்பாறை மாவட்டம் வீரமுனையில் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். அரசு ஆயுதம் கொடுத்து வளர்த்த முஸ்லிம் ஊர்க்காவல் படையினர் அதில் ஈடுபட்டனர் என்று உயிர் தப்பியோர் கூறுகின்றனர். காத்தான்குடியைப் பேசும் நாவு வீரமுனையைப் பேசத் தயங்குமானால், அது நீதியின் நாவன்று. தன் கூட்டத்தார் அநீதி இழைக்கும்போது அவர்களுக்குத் துணை நிற்பதே இனவெறி என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதை நாம் அறிவோம். அநீதி இழைப்பவனுக்கும் உதவு என்று கூறி, அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று கற்பித்ததையும் அறிவோம்.

சொல்லின் கனம்

இனப்படுகொலை என்ற சொல்லைக் கையாளும்போது கவனம் தேவை. போலந்து யூதச் சட்ட அறிஞர் ரபேல் லெம்கின் 1944-இல் இக்கருத்துக்குப் பெயரிட்டார். 1948 டிசம்பர் 9-இல் ஐ.நா. அதற்கென ஓர் உடன்படிக்கையை ஏற்றது. ஒரு தேசிய, இன, மதக் குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்தது என்று மெய்ப்பிப்பதே அச்சட்டத்தின் உயிர்நாடி. முள்ளிவாய்க்கால் குறித்து வடமாகாண சபை 2015 பிப்ரவரியில் இனப்படுகொலைத் தீர்மானம் இயற்றியது. கனடாவின் மக்களவையும் அச்சொல்லை ஏற்றது. சர்வதேச நீதிமன்றம் எதுவும் இன்னும் அதை விசாரித்துத் தீர்ப்பளிக்கவில்லை. அத்தகைய விசாரணை வேண்டும் என்பதே பாதிக்கப்பட்டோரின் கோரிக்கை. வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றத்தை நாம் இனச்சுத்திகரிப்பு என்கிறோம். அதுவே அதற்குப் பொருந்தும் பெயர். துயரத்தை அதன் உரிய பெயரால் அழைப்பதே மாண்டோருக்குச் செய்யும் மரியாதை. மிகைப்படுத்தினாலும் குறைத்தாலும் சாட்சியம் பழுதாகும்.

தீர்ப்பு வரை சென்ற ஒரு துயரம் நம் உம்மத்தின் நெஞ்சில் உள்ளது. 1995 ஜூலை 11 அன்று போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரம் செர்பியப் படையிடம் வீழ்ந்தது. அதுவும் ஐ.நா. ‘பாதுகாப்புப் பகுதி’ என்று அறிவித்திருந்த இடம்தான். சில நாட்களுக்குள் 8,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் 2001-இலும், சர்வதேச நீதிமன்றம் 2007-இலும் அதை இனப்படுகொலை என்று தீர்ப்பளித்தன. ஐ.நா. பொதுச்சபை 2024 மே மாதத்தில் ஜூலை 11-ஐ நினைவு நாளாக அறிவித்தது. இத்தனைக்கும் அடித்தளமாக நின்றவர்கள், மகனின் ஓர் எலும்பேனும் கிடைக்காதா என்று அலைந்த தாய்மார்கள்.

போஸ்னியாவிலிருந்து சிதறியோர் ஒரு வழக்கத்தை உருவாக்கினர். ஐடா ஷெஹோவிச் என்ற கலைஞர், போஸ்னியக் குடும்பங்களிடமிருந்து சிறு காப்பிக் கோப்பைகளைச் சேகரித்தார். 2006 முதல் ஆண்டுதோறும் ஒரு நகரத்தின் சதுக்கத்தில் அக்கோப்பைகளைப் பரப்பி, வழிப்போக்கர்களின் கையாலேயே காப்பியை ஊற்றச் செய்தார். எவரும் அதைக் குடிப்பதில்லை. குடிக்க வேண்டியவர்கள் வரவில்லை. 2020-இல் அது ஸ்ரெப்ரெனிட்சாவிலேயே நிறைவுற்றது. அங்கே நிறைந்திருந்தும் குடிக்கப்படாத கோப்பை. இங்கே உப்பிட்ட கஞ்சி. மொழியும் கண்டமும் வேறாயினும், அடுக்களையிலிருந்தே நினைவு எழுகிறது. சிதறிய வீடுகளுக்குத் தங்களோடு எடுத்துச் செல்ல முடிந்தது அதுதான்.

சேர்ந்து நடந்த ஒரு பாதை

இரு துயரங்களும் எதிரெதிராகவே நிற்க வேண்டுமா? ஈழமே இதற்கு விடை தந்தது. கொரோனாக் காலத்தில், 2020 முதல் இலங்கை அரசு முஸ்லிம் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்தது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று கூறியும் கேட்கவில்லை. பிறந்து இருபதே நாளான ஒரு பாலகனின் உடலும் அவ்வாறு எரிக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 3 முதல் 7 வரை, கிழக்கின் பொத்துவிலிலிருந்து வடக்கின் பொலிகண்டி வரை தமிழர்கள் ஒரு நெடும் பேரணி நடத்தினர். தமிழருக்கான நீதிக் கோரிக்கைகளோடு, ஜனாஸா எரிப்பை நிறுத்து என்ற முழக்கமும் அதில் ஒலித்தது. கிழக்கின் முஸ்லிம்கள் வீதியில் இறங்கி அப்பேரணியில் இணைந்தனர். அம்மாத இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை அந்தக் கொடுமைக்காக மன்னிப்புக் கேட்க முடிவு செய்தது.

தம் பிள்ளைகளின் உடல்களை அடக்கவும் வாய்ப்பின்றி விட்டு வந்த மக்கள், நம் ஜனாஸாவுக்காகக் குரல் கொடுத்தனர். கபுரின் மதிப்பை அவர்களைவிட யார் அறிவார்?

நம் கடமை

ஆண்டுதோறும் ஒரு நாளை நினைவுகூர்வது மார்க்கத்தில் புதிதாக ஒன்றைப் புகுத்துவதாகாதா என்ற ஐயமும் அன்று எழுந்தது. வணக்கமாகவோ சடங்காகவோ ஒன்றை உருவாக்குவது நம் நோக்கமன்று. அதற்கு இடமும் இல்லை. ஆனால் அநியாயத்தை நினைவில் வைத்திருக்க நமக்குக் கற்பித்ததே குர்ஆன்தான். அகழில் நெருப்பு மூட்டி நம்பிக்கையாளர்களை எரித்தவர்களை அல்புரூஜ் அத்தியாயம் இன்றும் நமக்குச் சொல்கிறது. உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம், எந்தக் குற்றத்துக்காக நீ கொல்லப்பட்டாய் என்று கேட்கப்படும் நாளை அத்தக்வீர் நினைவூட்டுகிறது. உரிமையின்றித் தம் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டோரைப் பற்றிப் பேசும் அல்ஹஜ் அத்தியாயத்தின் 40-ஆம் வசனம், பள்ளிவாசல்களோடு மடங்களையும் ஆலயங்களையும் சேர்த்தே கூறுகிறது. மறுமையில் கேட்கப்படப் போகும் கேள்வியை இம்மையில் மறக்காமல் இருப்பது நம் ஈமானின் ஒரு பகுதி.

எனவே நாம் செய்யக்கூடியவை சில. நம் பிள்ளைகளுக்கு மே 18-ஐயும் சொல்வோம், அக்டோபர் 30-ஐயும் சொல்வோம். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க வேண்டாம். மே மாத நினைவுக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் செல்வோம். அங்கே எந்த இயக்கத்தின் கொடிக்கும் வணக்கம் செலுத்த வேண்டியதில்லை. மாண்ட மக்களுக்காக நிற்பது போதும். வாய்ப்புக் கிடைக்கும்போது, வடபுல முஸ்லிம்களின் கதையையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்று பணிவோடு கேட்போம். உரிமையோடு கேட்கலாம், போய் நிற்பவனுக்கே அந்த உரிமை உண்டு.

விசைத்தறியோடு வாழும் ஊர் இது. பாவில் ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் தறியை ஓட்டினால் என்ன ஆகும் என்பது இங்கே சிறுவர்களுக்கும் தெரியும். துணி நின்றுவிடாது, ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த ஓர் இழையின் வெற்றிடம் துணியின் கடைசிவரை நீளும். நினைவும் அவ்வாறே.

அந்த மே 18 மாலையில் நாம் சிலர் சென்றோம். பெரியவரும் வந்தார். கூட்டம் முடிந்தபின், இளைஞரின் தாயாரிடம் அவரே பேச்சைத் தொடங்கினார். அந்த அம்மையார் மன்னார்ப் பகுதியைச் சேர்ந்தவர். தொண்ணூறுகளின் இறுதியில் படகேறி வந்தவர். தம் சிறு வயதில், சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு வரும் ஒரு முஸ்லிம் வியாபாரி ஒவ்வொரு தீபாவளிக்கும் தமக்குப் பாவாடைத் துணி கொடுப்பார் என்றார். பணம் இல்லாவிட்டால் அடுத்த மாதம் வாங்கிக்கொள்வாராம். “ஒரு வருஷம் அவர் வரேல்லை. ஏனெண்டு நாங்கள் கேக்கேல்லை. கேக்கப் பயம்” என்றார். அவருடைய மகன் அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

பெரியவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்தப் போசியைத் திருப்பிக் கொடுத்தாச்சா?” என்று நம்மிடம் கேட்டார். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது நம் வீடுகளின் வழக்கமன்று. வரும் ரமலானில் முதல் நோன்பன்று அது நோன்புக் கஞ்சியோடு அவ்வீட்டுக்குச் செல்லும், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! அநியாயமாகக் கொல்லப்பட்டோருக்கு நீதி வழங்குவாயாக. வீடிழந்தோரை அவர்களின் வாசலுக்குத் திரும்பச் சேர்ப்பாயாக. எங்களுக்கு எதிராகவே அமைந்தாலும் உண்மையைச் சொல்லும் நாவை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.